கிராம சபையும் அத்தியாவசியம்தான்

கொரோனா ஊரடங்கு மக்களை வீட்டுக்குள் ஒதுங்க வைத்து நிதானம் கற்றுக்கொடுத்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஓசூர் பக்கம் நிலைமை வேறு. 2020 மே முதல் வாரம் வரை எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத பகுதி. பெருமைதான். ஆனால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன பயன்? எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். ரோஜாவை வாங்க ஆளில்லாமல் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். மாங்காய் சீசனும் அப்படியே வந்து நின்றது.

கட்டுரை தொடாத ஒன்று, கிராம சபை. அந்த வருடம் மே 1 கூட்டம் நடக்கவில்லை, அக்டோபர் 2 கூட்டத்தையும் கொரோனாவைச் சொல்லி ரத்து செய்தார்கள். டாஸ்மாக் மட்டும் மே மாதமே திறந்தது! ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டு நின்ற ஜனங்களுக்கு மரத்தடியில் இடைவெளி விட்டு உட்காரத் தெரியாதா? தண்ணீர் வராதது, நூறு நாள் வேலைக்கூலி பாக்கி, வெளியூரிலிருந்து திரும்பியவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லாதது, இதையெல்லாம் சபையில் எழுந்து கேட்டிருப்போம். தனியாகப் போய்க் கேட்டால் மனு எழுதிக் கொடுங்கள் என்பார்கள், அதோடு சரி. அடுத்த முறை நோய் வந்தால் அரசு எதை வேண்டுமானாலும் மூடட்டும், கிராம சபையை மூடக் கூடாது.