1,600 ரூபாய் விண்ணப்பத்துக்கு 65,000 ரூபாய்

குடியாத்தம் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, செடியிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) ஆயும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். சின்ன மோட்டார், சைக்கிள் சங்கிலி, அவரே கடைந்த பல் உருளை. பிடுங்கிப் போட்ட செடி ஆள் கிடைக்காமல் மழையில் நனைந்து, காய் முளைத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

"காப்புரிமை வாங்கிவிடுங்கள் மாமா" என்று கிளப்பிவிட்டவன் நான்தான். விண்ணப்பம் எழுதித் தருபவர்களிடம் விசாரித்தால் 65,000 ரூபாய் கேட்டார்கள். "அரசாங்கத்துக்கே இவ்வளவா?" என்று மாமா வாயைப் பிளந்தார்.

இல்லை. தனி நபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசீலனை கோர 4,000. மொத்தம் 5,600. காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக் கட்டணம் உண்டு. 800 ரூபாயில் தொடங்கிக் கடைசி ஐந்தாண்டுகளில் 8,000 ஆகும். இருபது ஆண்டும் விடாமல் கட்டினால் 76,800. அது இயந்திரம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பணம், அதைப் பற்றிக் கவலையில்லை.

மீதிப் பணம் எழுத்துக் கூலி. அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதுவதைப் போன்ற வேலை அது. கண்டுபிடிப்பின் எல்லையைக் குறுக்கி எழுதினால், உருளையின் பல்லைச் சற்றே மாற்றி அடுத்த ஊர்க்காரர் விற்பார். அகட்டி எழுதினால், இது ஏற்கெனவே இருப்பதுதானே என்று பரிசீலகர் ஆட்சேபிப்பார்.

என் கோபம் வேறு. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது இந்தியில். நாம் விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே தமிழ் செல்லாது. பல்லை ஏன் சாய்த்துக் கடைந்தேன் என்று மாமா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் வந்த முதல் வரைவில், காய் ஆயும் இயந்திரம் மல்லாட்டை உடைக்கும் இயந்திரமாக மாறியிருந்தது! உடைக்கும் இயந்திரம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அப்படியே அனுப்பியிருந்தால் பணம் போனதுதான் மிச்சம். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை கொடுத்தார்கள், நல்லது. அங்கே எழுதிக் கொடுக்கப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்காரருக்குத் தேவை கட்டணச் சலுகையைவிட, அவர் தமிழில் சொல்வதைக் கேட்டு எழுதித் தரும் ஓர் ஆள். மாவட்டத் தொழில் மையத்தில் அப்படி ஒருவரை உட்கார வைத்தால் என்ன?

இத்தனைக்கும் பிறகு ஒரு கூத்து. வரைவைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், மாமா மகன் ஆறு மாதம் முன்பே இயந்திரத்தை ஓட்டிக் காட்டி யூடியூபில் வீடியோ போட்டிருந்தது தெரிந்தது. விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிவிட்டால் அது புதியது ஆகாது. 1,600 ரூபாய் கட்டித் தற்காலிக விவரக்குறிப்பை முதலில் போட்டிருந்தால் தேதி நம்முடையதாகியிருக்கும், முழு விவரம் தர 12 மாத அவகாசமும் கிடைத்திருக்கும். பையனைத் திட்டிப் பயனில்லை. எனக்கே அப்போது தெரியாது.

மாமா இப்போது உருளையை வேறு விதமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். போன வாரம் போனபோது அதன்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. "நீயும் செல்போனை வெளியே வைத்துவிட்டு வா" என்றார்.