முதலில் விண்ணப்பம், பிறகு மேடை

நம் கல்வி நிறுவனத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. "காப்புரிமைப் பிரிவு ஆய்வுக் கட்டுரைகளை முடக்குகிறது" என்ற அந்த ஒரு வரி மூன்று நாள்களாக என்னை உறங்கவிடவில்லை. அந்தப் பிரிவில் இருக்கும் நாங்கள் எந்தக் கட்டுரையையும் முடக்கியதில்லை. கண்டுபிடிப்பின் மீதான தனியுரிமைக்கு, அதாவது காப்புரிமைக்கு (பேடென்ட்), முதலில் விண்ணப்பியுங்கள், பிறகு கட்டுரையை வெளியிடுங்கள் என்றுதான் 11 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

ஊரறிய வெளியாகிவிட்ட கண்டுபிடிப்பைச் சட்டம் புதியதாக ஏற்பதில்லை. அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் ஆகியோரின் மரபணு இணைப்பு முறை 1973 நவம்பரில் கட்டுரையாக வந்தது. அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டு அவகாசம் முடியச் சில நாள்களே இருந்தபோது, 1974 நவம்பரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது. அமெரிக்கக் காப்புரிமை 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. வெளிநாட்டு உரிமைகளோ கட்டுரை அச்சானபோதே கைநழுவிவிட்டன.

"நம் நாட்டிலும் 12 மாத அவகாசம் உண்டே" என்பவர்கள், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படிக்க வேண்டும். அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் கண்டுபிடித்தவரே வாசித்த கட்டுரை, அச்சங்கத்தின் ஏட்டில் வெளியானது போன்ற சிலவற்றுக்கே அந்த அவகாசம். கண்ட ஆய்விதழுக்கெல்லாம் அல்ல.

"காப்புரிமை வரும்வரை காத்திருந்தால் மாணவரின் முனைவர் பட்டம் என்னாவது?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் காப்புரிமை வரும்வரை காத்திருக்கச் சொன்னது யார்? கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கிறது. கட்டுரையில் உள்ளதெல்லாம் அதில் இருந்தால், மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். 2021 திருத்தம் கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணத்தை 80 விழுக்காடு குறைத்துவிட்டதால், பணமில்லை என்ற காரணமும் நிற்காது.

பொதுப்பணத்தில் விளைந்த அறிவுக்கு உரிமை எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். நான்கு மாதங்களுக்கு முன்பு தம் கருவிக்கு உரிமம் வாங்க ஆள் தேடித் தரச் சொன்னவரும் அவரே. அவருக்கு இதற்குமேல் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் வடிகட்டியை உருவாக்கிய ஒரு மாணவியை இன்றும் மறக்க முடியவில்லை. கோயம்புத்தூர் நிறுவனமொன்று உரிமம் கேட்டு வந்தபோது, அவர் ஆய்வேடு, யாரும் படிக்கக்கூடிய இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறி ஐந்து மாதமாகியிருந்தது. இனி விண்ணப்பித்துப் பயனில்லை என்று அவரிடம் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. "யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே, சார்" என்றார். சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். அது அவர் கைக்குப் போகவே இல்லை.

கல்வி நிறுவனங்களின் தரவரிசைப் படிவத்தில் காப்புரிமை எண்ணிக்கையை நிரப்பும் மாதத்தில் மட்டும் எங்கள் அறையைத் தேடி வருகிறார்கள். மற்ற மாதங்களில் நாங்கள் கோப்பு நகர்த்தும் எழுத்தர்கள். கண்டுபிடிப்பு நடந்த அன்றே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அடுத்த வார மாநாட்டில் நம் துறைகளிலிருந்து மூவர் பேசப்போகிறார்கள். கண்டுபிடிப்பை எங்களுக்குத் தெரிவிக்கும் வெளிப்படுத்தல் படிவம் அவர்களில் ஒருவரிடமிருந்துகூட இன்று மாலைவரை என் மேசைக்கு வரவில்லை. திங்கள் காலை மூவரையும் நானே நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன்.