என் தம்பி யாருக்கும் மன்னிப்பு பாக்கி வைக்கவில்லை

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பெரிய விசேஷம் வருகிறது என்றால், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சமாதானப் பேச்சு தொடங்கிவிடும். பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகள், கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்று பேச்சை நிறுத்தியவர்கள், எல்லோரையும் ஒரு பெரியவர் வீடு வீடாகப் போய்ப் பேசிக் கூட்டிவருவார். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், எந்த ஊரானாலும் இதுதான் வழக்கம். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுத இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டும். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்குப் பங்காளிகள் கூட வேண்டும். கேதம், அதாவது சாவு, என்றால் நாலு பேர் வந்து நிற்க வேண்டும். முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர்களில் இந்த வழக்கமும் இல்லையென்றால் உறவு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால் இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சேர்த்து உட்கார வைப்பதோடு நாம் நிறுத்துவதில்லை. அடிபட்டவர் வாயாலேயே "மன்னிச்சிட்டேன்" என்று சொல்ல வைக்கிறோம். சொல்லாவிட்டால் அவர்தான் விசேஷத்தைக் கெடுத்தவர். இப்போது இது எங்கள் வீட்டு முகப்பு வரை வந்துவிட்டதால் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், படிக்கட்டும்.

என் தம்பிக்கு ஆட்டிசம். 38 வயது ஆகிறது. பேச்சு குறைவு, என்னை மட்டும் "ஆச்சி" என்று தெளிவாகக் கூப்பிடுவான். எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், மற்றப் பெண்களை மரியாதையாக அழைப்பதும் அப்படித்தான். சின்ன வயதில், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் பதித்த ஆத்தங்குடித் தரைக் கல்லின் பூக்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை விரலால் தொட்டுக்கொண்டே போவான். நடுவில் யாராவது குறுக்கே வந்தால் மறுபடி முதல் கல்லிலிருந்து ஆரம்பிப்பான். முட்டைப் பூச்சுச் சுவரின் வழவழப்பும் குளிர்ச்சியும் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும், கன்னத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பான். எங்கள் வீடு அவனுக்கு நல்ல வீடாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் கூட்டம் சேரும்போதுதான் அவனுக்குப் பாடு.

பிள்ளையார் நோன்பு பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வரும். புதுக் கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூல்களைத் திரியாக்கி, இனிப்பும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவார்கள். குடும்பத்தில் மூத்தவர் அதை எடுத்துக் கொடுக்க, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். எங்கள் நோன்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இன்றைக்கும்.

1995 வாக்கில் ஒரு நோன்பில் என் தம்பி இழை வேண்டாம் என்று பின்னால் போனான். அவனுக்கு 7 வயது இருக்கும். சாதாரண அகல் விளக்கின் பக்கத்தில்கூட முகத்தைக் கொண்டுபோக மாட்டான். பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர், "சாமி காரியத்துல என்ன அடம்" என்று சொல்லி, இரண்டு பேரை விட்டுக் கையைப் பிடிக்கச் சொல்லி, தாடையை அழுத்தி வாயைத் திறந்து எரிகிற இழையை உள்ளே வைத்தார். உதடு வெந்தது. அலறினான். நல்ல நாளில் என்ன அழுகை என்று கன்னத்தில் ஓர் அறை. அப்பச்சி, எங்கள் அப்பா, ஒன்றும் பேசவில்லை, மூத்தவர் முன்னால் பேசுகிற வழக்கம் இல்லை. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்க இரண்டாங்கட்டுக்கு ஓடினார்.

அதற்கப்புறம் மார்கழியில் நெய் காய்கிற வாசனை வந்தாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். "தீ வேண்டாம் ஆச்சி" என்பான். அந்த நோன்பு என்ன கிழமையில் வந்தது, அன்றைக்கு யார் யார் எந்தத் தூண் பக்கம் நின்றார்கள் என்பதுவரை சொல்வான்.

அந்தப் பெரியப்பாவுக்கு வருகிற தை மாதம் எண்பதாம் கல்யாணம். ஒரு உறவினர் அம்மாவிடம் வந்து சொன்னது இது: "ஆச்சி, பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க. அண்ணன் கால்ல விழுந்து கும்பிட்டுக்கட்டும். அவரும் திருநீறு பூசிவிட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும். வயசாயிடுச்சு, அவருக்கும் மனசு கேக்கலையாம்."

மனசு கேட்காதது பெரியப்பாவுக்கு. விழுந்து கும்பிட வேண்டியது என் தம்பி. இதைச் சொன்னவருக்கு இதில் எதுவும் முரணாகவே தெரியவில்லை. அவர் நல்லவர், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். நல்லவர்களுக்கே இப்படித் தோன்றுகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் சொல்லப்படுகிற காரணம், "அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்?" உண்மைதான், தெரியாது. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழே வகைகள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் பட்டியலை 21 வகைகளாக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. நாட்டின் சட்டத்துக்கே தெரியாதது ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை பயந்து நடுங்குவதைப் பார்க்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஆட்டிசம் இல்லாத பிள்ளையாக இருந்தாலும், கையைப் பிடித்து வாயில் தீயை வைப்பது தப்புதான். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள அறியாமை உதவும். நான் புரிந்துகொண்டும் இருக்கிறேன். புரிந்துகொண்டதால் மன்னித்தாக வேண்டும் என்று வரும்போதுதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நீ பிள்ளையைத் தூக்கி வச்சுக் கொஞ்சலை, வேலை வேலைன்னு போனே, அதான் இப்படி" என்று அவர் கேட்காத வருஷம் இல்லை. நம் ஊர் வாய்க்கு மட்டும் உரிய குற்றச்சாட்டு இல்லை இது. ஆட்டிசத்தை 1943இல் முதலில் விரிவாக விவரித்த அமெரிக்க மருத்துவர் லியோ கானரே, 1949இல் பெற்றோரின் பாசமின்மையைப் பற்றி எழுதினார். அப்புறம் புரூனோ பெட்டல்ஹைம் 1960களில் தாய்மார் மேல் அந்தப் பழியை நன்றாக ஏற்றி வைத்தார். அதை மறுத்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964இல் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், தானே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. 1969இல் பெற்றோர்கள் கூடிய ஒரு மாநாட்டில் கானர் பேசினார். பெற்றோர்களாகிய உங்களை இத்துடன் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம்.

இதை முதல்முறை படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. குற்றமே செய்யாதவர்களை, பழி சுமத்தியவர்களில் ஒருவர் எழுந்து விடுதலை செய்கிறார். அந்த அம்மாக்கள் கைதட்டியது எனக்குப் புரிகிறது. அத்தனை வருஷம் சுமந்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே பெரிதாக இருந்திருக்கும். என் அம்மாவும் அப்படித்தான். இன்றைக்கு யாராவது "உங்க தப்பு இல்ல ஆச்சி" என்றால் கண் கலங்கிவிடுவார். தன்னைப் பேசியவர்கள் எல்லோரையும் அவர் மன்னித்துவிட்டார், பெரியப்பா உட்பட. அவர் மனசு அது, அவருக்கு அதில் ஆறுதல் கிடைத்திருக்கிறது. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தனக்கு நடந்ததை அம்மா மன்னிக்கலாம், தம்பிக்கு நடந்ததை அம்மாவால் மன்னிக்க முடியாது. அந்த உதடு தம்பியுடையது.

"அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, அவனுக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். பேசாதவனுக்கு நினைவும் இல்லை என்று எப்படி முடிவு செய்கிறோம்? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரியாது என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் அதைத் திருப்பிக் கேட்டார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஏன் ஒரு பக்கத்தை மட்டும் குறையாகப் பார்க்கிறீர்கள்? எங்கள் வீட்டில் நான் பார்த்தது அதுதான். பெரியப்பா வந்தால் தம்பி மாடிக்குப் போவது எங்கள் எல்லோருக்கும் "அவன் அப்படித்தான்" என்று தெரிந்தது. அவன் வருஷக்கணக்கில் நமக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சரி, இதை நான் எங்களுக்குச் சாதகமாக மட்டும் பேசக் கூடாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் எழும்பியபோது என் தம்பிக்கு மெல்ட்டவுன் வந்தது. நாதஸ்வரமும் தவிலும் மூடிய மண்டபத்துக்குள் உச்சத்துக்குப் போகும்போது நமக்கே காது அடைக்கும். அவனுக்கு அது உடம்பெல்லாம் அடி விழுவது மாதிரி. பக்கத்தில் இருந்த அயித்தை மகளின் கையைக் கடித்துவிட்டான். தையல் போட வேண்டியிருந்தது, தழும்பு இருக்கிறது. உடனே எங்கள் தரப்பு ஆட்கள் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்று, "அவன் தெரிஞ்சா செஞ்சான், மனசுல வச்சுக்காத" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இரத்தம்கூட நிற்கவில்லை.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அது சத்தியம். மெல்ட்டவுன் என்பது அடம் இல்லை. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்குகிற அளவைத் தாண்டும்போது தன்னைக் கட்டுப்படுத்துகிற திறனே அந்த நேரத்துக்குப் போய்விடும். ஆனால் அவளுக்கு வலித்ததும் சத்தியம். "எனக்கு அவன்மேல கோபம் இல்ல ஆச்சி, ஆனா கிட்ட வர பயமா இருக்கு" என்று அவள் பிற்பாடு சொன்னாள். கோபம் இருந்தாலும் நான் தப்பென்று சொல்லியிருக்க மாட்டேன். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் மன்னித்தே தீர வேண்டும் என்று நாங்கள் கேட்டால், பெரியப்பாவின் ஆட்கள் கேட்பதற்கும் நாங்கள் கேட்பதற்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் செய்ய வேண்டியது வேறு. இப்போது கல்யாணத்துக்குப் போனால் அவனுக்குக் காதுக்கவசம் மாட்டுகிறோம், வாசல் பக்கம் உட்காருகிறோம், கெட்டிமேளத்துக்கு முன்பே நான் அவனை வெளியே கூட்டிப் போய்விடுகிறேன். அந்தப் பெண் இருக்கும் வரிசையில் நாங்கள் உட்காருவதில்லை. அவள் எப்போதாவது தானாக வந்து பேசினால் சந்தோஷம். வராவிட்டால் அதைக் குறையாகப் பேச எங்களுக்கு உரிமை இல்லை.

"மன்னிக்கலைன்னா உனக்குத்தான் மனசு பாரம்" என்று ஒரு தோழி அக்கறையோடு சொன்னாள். மன்னித்துப் பாரம் இறங்கியவர்கள் உண்டு, அம்மாவே சாட்சி. ஆனால் மன்னிப்பை 1980களிலிருந்து ஆராய்ந்துவரும் உளவியலாளர் ராபர்ட் என்ரைட்கூட, மன்னிப்பது வேறு, உறவைப் புதுப்பிப்பது வேறு என்றுதான் பிரிக்கிறார். மன்னிப்பு அவரவர் தாமாக முடிவெடுத்துச் செய்வது என்கிறார். முகூர்த்தம் குறித்து வரவழைக்கிற பொருள் இல்லை அது. வேறு பாரங்களும் உண்டு. மனசில் இல்லாததை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்தால், பழைய காயத்தோடு ஒரு பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தம்பிக்குப் பொய் சொல்லவே வராது. அவனைக் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்துத்தான் அந்த நமஸ்காரத்தை வாங்க முடியும். அப்படிச் செய்தால் 1995 மறுபடி நடக்கிறது.

இன்னொன்று, நோன்பு வருகிறது. இழை எடுத்துக்கொள்ளப் பயப்படுகிற குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், சுடரை அணைத்துவிட்டு மாவை மட்டும் கொடுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

தை மாத விசேஷத்துக்கு அம்மாவும் நானும் முதல் நாளே போவோம். மொய் எழுதுவோம், பந்தி கவனிப்போம், பங்காளிகள் செய்ய வேண்டிய எதுவும் குறையாது. தம்பி வர மாட்டான். பெரியப்பாவுக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை என்றால், அவர் எங்கள் வீட்டுக்கு வரலாம். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே சொன்னால் தம்பியின் காலண்டரில் எழுதி வைப்பேன், திடீரென்று யார் வந்தாலும் அவனுக்குத் தாங்காது. கூட நாலு பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம். "உன் வாயில் தீ வைத்தேன். அது தப்பு. இனிமேல் யாரும் வைக்க மாட்டார்கள்" என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் அவனுக்குப் புரியும். கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனால் பின்னால் போய்க் கூப்பிடக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் கரைக்க வேண்டாம்.