ஒரு ரன் இடிக்கிறது

இடம்: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கான்டர்பரி நகரம், செயின்ட் லாரன்ஸ் கிரிக்கெட் மைதானம். மே மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால். வந்திருப்பவர்கள் ஐந்து பேர்: மாப்பிள்ளை, அவருடைய நண்பர்கள் மூவர், மகள் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனார். மாமனார் கருவூலத்தில் 34 வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, மடியில் முறுக்கு டப்பா. நண்பர்கள் வந்த வேகத்திலேயே கலைந்துவிட்டதால் அவர்களுக்கு வசனம் இல்லை.

மாமா: கூட்டம் எப்போது வரும் மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: வந்துவிட்டது மாமா. இதுதான் கூட்டம்.

மாமா: எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் இதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். சரி, யாருக்கும் யாருக்கும் மேட்ச்?

மாப்பிள்ளை: கென்ட்டுக்கும் டெர்பிஷயருக்கும். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. 18 கவுண்டி டீம் ஆடுகிற கவுண்டி சாம்பியன்ஷிப் இது. 1890-லிருந்து நடக்கிறது.

மாமா: திருச்சி, தஞ்சாவூர் மேட்ச் என்று சொல்லுங்கள். எப்போது முடியும்?

மாப்பிள்ளை: திங்கட்கிழமை.

மாமா: மணியைக் கேட்டேன்.

மாப்பிள்ளை: நாலு நாள் மேட்ச் மாமா. ஒரு நாளைக்கு 96 ஓவர். திங்கட்கிழமை சாயங்காலம் முடியும். நடுவில் மழை வந்தால் டிராவும் ஆகலாம்.

மாமா: நாலு நாள் ஆடிவிட்டு டிராவா! பிறகு எதற்கு ஆடுகிறார்கள்?

மாப்பிள்ளை: டிராவுக்கும் பாயிண்ட் உண்டு. அது போக போனஸ் வேறு. முதல் 110 ஓவருக்குள் நன்றாக அடித்தால் அஞ்சு பாயிண்ட் வரைக்கும், விக்கெட் எடுத்தால் மூன்று வரைக்கும்.

மாமா: ஜெயிக்காவிட்டாலும் இன்கிரிமெண்ட் உண்டு என்கிறீர்கள். அப்படியானால் இது நம் டிபார்ட்மெண்ட்தான்.

மாப்பிள்ளை: பெரிய ஆட்கள் ஆடிய இடம் மாமா. டிராவிட் 2000-ல் கென்ட்டுக்கு ஆடினார். முரளிதரன் 2003-ல் ஆடினார்.

மாமா: இன்றைக்கு அவர்கள் உண்டா?

மாப்பிள்ளை: இல்லை.

மாமா: இருபது வருஷம் லேட்டாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது இருக்கட்டும், அந்தக் காரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, யாருக்காகக் காத்திருக்கிறார்?

மாப்பிள்ளை: மேட்ச் பார்க்கிறார். இங்கே பவுண்டரியை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தபடியே பார்க்கலாம். ரொம்ப நாள் பழக்கம்.

மாமா: வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே.

மாப்பிள்ளை: அது நம் பிரபு மாமா.

மாமா: டீ வாங்கப் போன செந்தில்?

மாப்பிள்ளை: வாங்கியிருப்பான். ஆனால் டீயாக இருக்காது.

மாமா: அப்பாஸ் மட்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டே போனில் பேசுகிறார். யாருக்காவது உடம்பு சரியில்லையா?

மாப்பிள்ளை: ஆபீஸ் மீட்டிங். வீட்டிலிருந்து வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறான். சற்று முன் ஒரு ஃபோர் போனதே, அப்போது எல்லோரும் கைதட்டியது மீட்டிங்கில் கேட்டுவிட்டது. என்ன சத்தம் என்று மேனேஜர் கேட்க, மகளுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டான்.

மாமா: அவருக்கு மகள் இருக்கிறாளா?

மாப்பிள்ளை: இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

மாமா: விக்கெட் ஏதும் விழாமல் இருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை என்று சொல்ல வேண்டி வரும். அதென்ன மாப்பிள்ளை, ஒரு மரத்தைப் போய் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்?

மாப்பிள்ளை: அது சின்ன மரம். இங்கே பவுண்டரிக்கு உள்ளேயே ஒரு பெரிய எலுமிச்சை மரம் இருந்தது.

மாமா: எலுமிச்சையா? இந்தக் குளிரில் காய்க்குமா?

மாப்பிள்ளை: நம் எலுமிச்சை இல்லை மாமா. லைம் என்று பெயர், அவ்வளவுதான். ஊறுகாய் போட முடியாது. ஃபீல்டர்கள் அதைச் சுற்றி ஓடித்தான் பந்து எடுப்பார்கள். பந்து மரத்தில் எங்கே பட்டாலும் நாலு ரன். மரத்தைத் தாண்டி அடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வெஸ்ட் இண்டீஸ்காரர் கார்ல் ஹூப்பர் 1992-ல் அடித்தார். 2005 ஜனவரியில் காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக நட்ட பிள்ளை மரம் இது.

மாமா: இதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்? உறையூரில் எங்கள் தெருவில் புளியமரத்தில் பட்டால் ரெண்டு ரன், வாத்தியார் வீட்டு ஜன்னலில் பட்டால் அவுட். பந்தை வாங்கி வருவதும் அடித்தவன் பொறுப்பு. நாங்களும் கவுண்டிதான் ஆடியிருக்கிறோம், யாரும் சொல்லவில்லை.

(பன்னிரண்டு மணி. கடந்த அரை மணி நேரத்தில் ஒன்பது ரன்.)

மாமா: அந்த ஸ்டாண்டில் கௌட்ரி என்று எழுதியிருக்கிறதே, யார்?

மாப்பிள்ளை: காலின் கௌட்ரி. 1970-ல் கென்ட் சாம்பியன் ஆனபோது அவர்தான் கேப்டன். உலகத்திலேயே முதன்முதலில் 100 டெஸ்ட் ஆடியவர். பிறந்தது ஊட்டியில்.

மாமா: எந்த ஊட்டி?

மாப்பிள்ளை: எத்தனை ஊட்டி இருக்கிறது மாமா? அப்பா தேயிலைத் தோட்டக்காரர், கிரிக்கெட் பைத்தியம். மைக்கேல் காலின் கௌட்ரி என்று முதலெழுத்து எம்.சி.சி. வருகிற மாதிரியே பெயர் வைத்தார்.

மாமா: எம்.சி.சி.யா? என் தம்பி தாம்பரத்தில் படித்த காலேஜ்.

மாப்பிள்ளை: அது வேறு மாமா. இது லண்டன் எம்.சி.சி., கிரிக்கெட் கிளப்.

மாமா: அட, நான் ஊட்டி சப்-டிரஷரியில் மூன்று வருஷம் இருந்தவன். நம் ஆபீஸ் எல்லைக்குள் பிறந்த ஆள்! இருங்கள், இந்தப் பக்கத்து சீட் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன்.

(பத்து நிமிஷம் கழித்து.)

மாமா: மாப்பிள்ளை, அருமையான மனிதர். 1970 டீமைச் சின்னப் பையனாக இதே வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். ஊட்டி என்றதும் எழுந்து நின்று கை கொடுத்தார். ஒரு பழக் கேக் கொடுத்தார், நான் நம் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

(டக்.)

மாப்பிள்ளை: (போனிலிருந்து தலை நிமிராமல்) நல்ல ஷாட்!

மாமா: ஷாட் இல்லை. பெரியவர் முறுக்கைக் கடித்தார்.

மாப்பிள்ளை: மாமா, அது அத்தை சுட்ட கை முறுக்கு. எனக்கே பயம். அவர் வயசுக்கு...

மாமா: ஒன்றும் ஆகவில்லை, சிரிக்கிறார் பாருங்கள். அடுத்ததை டீயில் முக்கிவிட்டார், கெட்டிக்காரர். அதோ, அம்பயரும் ஒரு காலைத் தூக்கி முட்டியைத் தட்டிக்கொள்கிறார். பாவம், அவருக்கும் என்னை மாதிரி மூட்டு வலி.

மாப்பிள்ளை: இருக்கும் மாமா.

(மதிய இடைவேளை. 40 நிமிஷம். ஜனங்கள் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் நடக்கிறார்கள். சிறுவர்கள் பிளாஸ்டிக் பேட்டோடு ஓடுகிறார்கள். செந்தில் பிட்ச் அருகே குனிந்து, மண்ணைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருக்கிறான்.)

மாமா: சேப்பாக்கத்தில் இப்படிக் கால் வைத்தால் லத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இங்கே நாயைக்கூட நடத்திக்கொண்டு போகிறார்கள். புல் என்ன மெத்து மெத்தென்று இருக்கிறது! செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாம் போல.

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா, சளி பிடிக்கும்.

(இரண்டரை மணி.)

மாப்பிள்ளை: என்ன மாமா கையில் பெரிய புத்தகம், பென்சில்?

மாமா: பேசாதீர்கள். பால் போடுகிறான்... புள்ளி. பெரியவர் பாத்ரூம் போய்விட்டு ஒரு டீ குடிக்கப் போனார். அவருடைய ஸ்கோர் புத்தகம். ஒவ்வொரு பந்தையும் எழுதுகிறார் மாப்பிள்ளை! ஒரு பந்து தவறாமல்! ரன் இல்லை என்றால் ஒரு புள்ளி. ஓவர் முழுக்க ரன் வரவில்லை என்றால் ஆறு புள்ளியையும் கோட்டால் சேர்த்து இங்கிலீஷ் ‘எம்’ போட வேண்டும். மெய்டன். நான் மூன்று ‘எம்’ போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை: காலையில் கொட்டாவி விட்டீர்களே.

மாமா: காலையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்தேன். ஒன்றும் நடக்காததற்கும் ஒரு என்ட்ரி இருக்கிறது என்று அப்போது தெரியாது. நகருங்கள், மறைக்கிறீர்கள்.

(நாலரை மணி. மழை. மைதானத்தின் நடுவே தார்ப்பாய் உருண்டு வருகிறது. கிழவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா, போகலாம். பிரபு எழுந்துவிட்டான், காரைக்கூட ஸ்டார்ட் பண்ணிவிட்டான். அப்பாஸுக்கு மீட்டிங் முடிந்தது. செந்திலை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

மாமா: எப்படிப் போவது? போர்டில் 187. புத்தகத்தில் 186. ஒரு ரன் இடிக்கிறது.

மாப்பிள்ளை: ஒரு ரன்தானே!

மாமா: ஒரு ரூபாய்தானே என்று என்னிடம் சொன்ன கலெக்டர் ஆபீஸ் ஆளை ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைத்தவன் நான். பாருங்கள், பேட்ஸ்மேன் கணக்கு கூட்டியாகிவிட்டது, சரி. பவுலர் கணக்கும் சரி. உதிரி ரன்னில்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம்.

மாப்பிள்ளை: போர்டு தப்பாக இருக்கும். மழை பெரிதாகிறது மாமா.

மாமா: போர்டு தப்பு என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. யோசியுங்கள். பவுலருக்கும் சேராது, பேட்ஸ்மேனுக்கும் சேராது, ஆனால் டீமுக்குச் சேரும். அது எந்த ரன்?

மாப்பிள்ளை: பை. இல்லாவிட்டால், பந்து பேட்டில் படாமல் உடம்பில் பட்டு ஓடுகிற லெக் பை.

மாமா: லெக் பை என்றால் அம்பயர் என்ன காட்டுவார்?

மாப்பிள்ளை: ஒரு காலைத் தூக்கி, முட்டியைத் தட்டி...

(இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.)

மாமா: நீங்கள் ‘இருக்கும்’ என்றீர்கள்.

மாப்பிள்ளை: நீங்கள் மூட்டு வலி என்றீர்கள் மாமா!

மாமா: பெரியவர் முறுக்கைக் கடித்த ஓவர். முதல் பக்கம்... இதோ, இந்தப் பந்து. ரப்பர் இருக்கிறதா? ஆ, 187. டேலி! (பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு) பெரியவரிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

(மழை நிற்கவில்லை. இன்றைய ஆட்டம் அவ்வளவுதான் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. நாலு பேர் கைதட்டுகிறார்கள். மாமா புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு குடையில்லாமல் ஓடி வருகிறார்.)

மாப்பிள்ளை: புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லையா?

மாமா: நாளைக்குக் காலையில் அவரால் வர முடியாதாம். மதியம்தான் வருவார். அதுவரைக்கும் என்னை எழுதச் சொல்லிவிட்டார். பதினோரு மணிக்கு முதல் பந்து. பத்தரைக்கு இங்கே இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: நாளைக்கு லண்டன் போகிறோம் மாமா! ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

மாமா: ராட்டினம் எங்கே போய்விடும்? அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளை: அவர் ஏன் காலையில் வரமாட்டாராம்?

மாமா: பல் டாக்டரிடம் போகிறார்.

மாப்பிள்ளை: பல்லுக்கு என்ன?

மாமா: (முறுக்கு டப்பாவைப் பைக்கு அடியில் தள்ளியபடி) அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.