வாடகைதாரர் பணம் தரவில்லையா? லீன் நோட்டீஸை யாருக்கு அனுப்புவது?

"கடையை வாடகைக்கு எடுத்தவர்தான் வேலை கொடுத்தார், அதனால் நோட்டீஸ் அவருக்குப் போனால் போதும், கட்டட உரிமையாளரைத் தொடவே முடியாது" என்று கலிஃபோர்னியாவில் கட்டட வேலை கான்ட்ராக்ட் எடுப்பவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

லீன் (செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் அந்தச் சொத்தின் மேல் பதியும் உரிமைக் கோரிக்கை) பதிவு செய்யும்போது அதன் நகலை உரிமையாளருக்கோ, உரிமையாளர் என்று கருதப்படுபவருக்கோ தபாலில் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த லீன் செல்லாது. கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்று தெரியாவிட்டால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகப் (சொத்துப் பத்திரங்களைப் பதியும் மாவட்ட அலுவலகம்) பதிவுகளில் பார்த்துவிடுங்கள், வாடகைதாரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

அப்புறம், வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முதல்கட்ட நோட்டீஸை (பணம் வராவிட்டால் லீன் பதியலாம் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் கடிதம்) உரிமையாளருக்கும் அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு. காரணம் இதுதான்: நோட்டீஸ் போனால் வேலை நடப்பது உரிமையாளருக்குத் தெரிந்துவிடும், தெரிந்த 10 நாளுக்குள் அவர் "எனக்குப் பொறுப்பில்லை" என்ற அறிவிப்பை அந்த இடத்தில் ஒட்டி, பதிவும் செய்ய வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் லீன் அவருடைய சொத்தின் மேலேயே ஏறலாம். முறையாகச் செய்துவிட்டாரென்றால் பொதுவாக லீனுக்கு வாடகைதாரரின் வாடகை உரிமை மட்டும்தான் மிஞ்சும், அதுவும் கடையைக் காலி செய்துவிட்டால் என்ன மதிப்பு? ஆனால் இந்த வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தமே வாடகைதாரரைக் கட்டாயப்படுத்தியிருந்தால், அந்த அறிவிப்பு உரிமையாளரைக் காப்பாற்றாமல் போகலாம். அதனால் ஒப்பந்த நகலை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

லீன் பதிந்த 90 நாளுக்குள் வழக்கு போட வேண்டும் என்பதையும் அந்தத் தகவல் சொல்லவில்லை.