லெட்டர்ஹெட்டில 2011 எண்டு கிடக்கு

எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு ஆண்டு மலர் போடப்போகினம். நேற்று கூட்டம். ஆறு மணிக்குத் தொடங்கினது, ஒன்பது மட்டும் ஒரே கேள்வியில இழுபட்டது: கழகம் எப்ப தொடங்கினது? லெட்டர்ஹெட்டில ஸ்தாபிதம் 2011 எண்டு கிடக்கு. அது சண்டை முடிஞ்சு மீளக்குடியேறி வந்து தறப்பாளுக்க இருந்துகொண்டு பிரதேச செயலகத்தில பதிஞ்ச வருசம், அதுக்கு முதல் நாங்கள் என்ன பந்தடிக்காமலே இருந்தனாங்கள்? ஒரு அண்ணை 82 எண்டார், இன்னொராள் 78 எண்டார், பக்கத்து ஊர்க் கழகம் பொன்விழா எடுத்திட்டுது நாங்களும் 1970 எண்டு போடுவம் ஆர் கேக்கப்போகினம் எண்டு ஒரு தம்பி சொல்ல எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆனா சிரிச்சுப்போட்டு விடுற விசயமில்லை இது.

மினிட்ஸ் புத்தகம் இருந்திருந்தா சண்டையே இல்லை. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி ஆமியிட்ட விழ, நாங்கள் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டால கிழக்க அரக்கி அரக்கிப் போனம், போக முதல் செயலாளர் புத்தகத்தையும் ரசீதுகளையும் ரெண்டு உரப்பையில சுத்தி வளவுக்க தாட்டவர். திரும்பி வந்து தோண்டினா கறையான் புத்து. கப் எல்லாம் ஒரு வீட்டு அலுமாரியில இருந்தது, அந்த வீட்டில மிஞ்சினது அத்திவாரம்தான்.

மலருக்கு எண்டு பழைய தலைவர், செயலாளர், பொருளாளர் லிஸ்ட் ஒண்டு எழுதியிருக்கினம். என்ர அப்பான்ர பேரும் இருக்கு. அப்பா உயிரோட இருக்கேக்க எனக்குச் சொன்ன கதை வேற. 77 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில இருந்து உடுத்த உடுப்போட வன்னிக்கு வந்த சனத்தில கொஞ்சப்பேர் எங்கட ஊரில குடியேறினவை. அந்தப் பெடியள்தான் பத்தையை வெட்டி, வேர் கிளறி, புத்து இடிச்சு கிரவுண்ட் எடுத்தவையாம். பகல் முழுக்க ஆற்றையும் வயலில கூலி, பின்னேரம் இந்த வேலை. கோல் போஸ்ட் காட்டுத்தடி, கோடு அடுப்புச் சாம்பல். எங்கட ஆக்கள் பிறகுதான் இறங்கினவை. கழகம் எண்டு பேர் வைச்சு கதிரை போட்டு இருக்கேக்க அந்தக் கதிரையில அப்பா இருந்தவர், வெட்டினவன் வெளியில நிண்டான். லிஸ்டில அவையின்ர ஒரு பேர்கூட இல்லை. நான் கேக்க, 'அவங்கள் விளையாடத்தானே வந்தவங்கள், நிர்வாகத்தில இருக்கேல்லையே' எண்டு பதில். சரி, ஏன் இருக்கேல்லை? விட்டீங்களா?

96க்கு வருவம், அதையும் ஒருத்தரும் எழுதப்போறேல்லை. 95 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, அதில கனபேர் கிளாலிக் கடல் கடந்து எங்கட பக்கம் வந்தவை. அப்ப எனக்குப் பதினாறு. ஒழுங்கா லீக் விளையாடின பெடியள், சிலபேரிட்ட பூட்ஸும் இருந்தது. உண்மையச் சொன்னா அவையள் வந்தாப் பிறகுதான் ஓஃப்சைட் எண்டா என்னெண்டு எங்களுக்கு விளங்கினது, அதுவரைக்கும் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில ஒருத்தனை நிப்பாட்டி வைச்சு அவனுக்கு அடிக்கிறதுதான் எங்கட டக்டிக்ஸ். பொருளாதாரத் தடை நேரம், ஒரு பந்து வருசக்கணக்கா ஓடும், பிளாடர் ஓட்டையானா சைக்கிள் கடையில ஒட்டுப்போடுறது. ஒட்டின பக்கம் பாரம், பந்து உருளேக்க வெறிகாரன் மாதிரி ஒரு பக்கம் சரியும். அதுக்கேத்த மாதிரி பாஸ் பண்ணப் பழகினம். 98 வேர்ல்ட் கப் பைனல், பிரான்ஸ் மூண்டு கோல் அடிச்சது, சைக்கிளைக் கவிட்டு டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோவில கேட்டனாங்கள், சுத்தினவனுக்கு கை சோர்ந்த நேரத்தில ஒரு கோல் போட்டுது, இண்டைக்கும் அவனை விடேல்லை நாங்கள்.

2002ல ஏ9 பாதை திறந்தாப் பிறகு நல்ல பந்து வந்தது, ஜேர்சி வந்தது. அந்த ரீமில பதினொரு பேர். மீளக்குடியேறி வந்து முதல் மட்சுக்கு ஆள் சேர்க்கேக்க அதில நாலு பேர்தான் ஊரில. மற்றவை செத்தது, காணாமப் போனது, புனர்வாழ்வு முகாமில, கப்பலேறி வெளிநாடு போனது. அணிக்கு 7 பேர் கொண்ட சுற்றுப்போட்டி எண்டு அப்ப நோட்டிஸ் அடிச்சம், ஏனெண்டா 11 பேருக்கு வழியில்லை. இப்ப பெடியளுக்கு அது ஒரு ஸ்டைல் எண்டு நினைப்பு.

இதெல்லாம் விட்டிட்டு, மலருக்கு வாழ்த்துச் செய்தி மட்டும் இருபத்தஞ்சு பக்கமாம். அமைச்சர், எம்பி, வெளிநாட்டில இருந்து காசு அனுப்பின ஆக்கள். காசு தந்தவைக்கு நன்றி சொல்லவேணும்தான், ஒரு பக்கத்தில சொல்லலாம்தானே.

என்னைக் கேட்டா லெட்டர்ஹெட்டில 'பதிவு 2011' எண்டு மாத்துங்கோ. 1970 எண்டு பொய் எழுதாதேங்கோ. 77க்குப் பிறகு வந்த சனம் வெட்டின கிரவுண்டில தொடங்கினது எண்டு எழுதுங்கோ, வருசம் தன்ர பாட்டில வரும்.

ஒரு படம் கிடைச்சிருக்கு, ஊரை விட்டு முந்தியே வெளிநாடு போன ஒரு அக்கான்ர அல்பத்தில இருந்து போனில எடுத்து அனுப்பினவ. கறுப்பு வெள்ளை, எல்லாரும் வெறுங்கால். இடப்பக்கம் கடைசியில நிக்கிறவரின்ர பேர் கூட்டத்தில ஒருத்தருக்கும் தெரியேல்ல. அவர் சும்மா படத்துக்கு நிண்டிருப்பார் எண்டினம். பந்து அவற்ற கையிலதான் இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்கு அங்கால உள்ள வீடுகளுக்கு போனைக் கொண்டுபோய் வயசான அம்மாக்களிட்ட காட்டப்போறன். ஆரும் வாறதெண்டா வாங்கோ.