ஆம், அவர் காற்றுப் பார்த்துத்தான் வாசித்தார்

நேற்று இரவு இதை எழுதி அழித்துவிட்டேன். இன்று காலை எழும்பிப் பார்த்தால் அந்தப் பதிவுக்குக் கீழே சிரிப்பு ஸ்மைலிகள் இன்னும் கூடியிருக்கின்றன. இனிப் பேசாமல் இருக்க என்னால் ஏலாது.

எந்தப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு ஸ்கிரீன்ஷொட் போயிருக்கும். "கல்கியைக் காற்றுப் பார்த்து வாசிக்கும் காலம் வந்துவிட்டது" என்று, அங்கே பேசிய ஒரு அக்காவைக் கேலிசெய்து ஐயா எழுதியிருக்கிறார். திருகோணமலையில் வாசிக்கிற எல்லாருக்கும் அவர் மூத்தவர். அவரிடம் நான் இரவல் வாங்கிய புத்தகங்களுக்குக் கணக்கில்லை. அதனால்தான் பெயர் போடவில்லை, அதனால்தான் இவ்வளவு வலிக்கவும் செய்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவர் ஒரு புத்தகத்தை வாசித்துவிட்டுத் தன் மனதில் பட்டதைச் சொல்கிறார் என்றால், அவர் முடிக்கும்வரை கேளுங்கள். அவர் யார், எதுவரை படித்தார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதெல்லாம் அந்த நேரத்துக்கு வேண்டாம்.

அன்று என்ன நடந்தது என்பதைப் பாதி மட்டும் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசியாக வாசித்த புத்தகத்தைக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும், எந்தப் புத்தகமானாலும் சரி. இது நாங்களே போட்ட விதி. பதினொரு பேர் வந்தார்கள். கிண்ணியாத் தம்பி மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவல் மடொல் தூவவைத் தமிழில் வாசித்திருந்தான். உபாலியும் ஜின்னாவும் தீவுக்குப் போய் இருந்த இடத்தை வாசிக்கும்போது தனக்கும் புறாமலைத் தீவுக்கு ஓடிப்போய் இருந்துவிடலாம் போல இருந்தது என்றான், எல்லாரும் சிரித்தோம், அது நல்ல சிரிப்பு. ஒரு பிள்ளை சமையல் புத்தகத்தோடு வந்து, அதில் போட்டிருக்கிற அளவுக்குப் புளி விட்டால் எங்கள் ஊர் மீனுக்குக் காணாது என்று சொன்னாள். இன்னொருவர் மாஸ்கோவில் தமிழில் அச்சடித்த பழைய விஞ்ஞானப் புத்தகத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார், தொட விடவில்லை.

அப்புறம் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் மோகனாங்கியைப் பற்றிப் பேசினார். எங்கள் ஊரில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895ல் வெளியிட்ட நாவல். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம், வாசித்தவர் எத்தனை பேர்? அதிபர் போனில் வாசிக்கத் தொடங்கினாராம். "உண்மையைச் சொல்லுறன், இருபது பக்கத்துக்கு மேலை ஓடேல்லை. அந்தக் காலத்து வசனம், கரடுமுரடா இருக்கு" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். ஐயாவும் தலையாட்டினார். இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அடுத்ததாகத்தான் திருக்கடலூர் என்ற மீன்பிடிக் கிராமத்து அக்கா எழும்பினார். கையில் கல்கியின் பொன்னியின் செல்வன், இரண்டாம் பாகம். என்னுடைய பிரதிதான், நான்தான் கொடுத்தேன், கூட்டத்துக்கு வாருங்கள் என்று நாலு தடவை கூப்பிட்டதும் நான்தான். பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இரவிரவாக ஈழத்துக்குக் கொண்டுவந்து விடுகிற இடத்தைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பதிவில் இது அரைகுறையாக வந்திருக்கிறது. சோழகம் என்றால் தென்மேற்குக் காற்று, வலிக்கிறது என்றால் துடுப்புப் போடுகிறது.

"கதை ஆடிப்பெருக்கிலதானே தொடங்குது. அதுக்குக் கிட்டின நாளெண்டா சோழகம் அடிக்கும். கோடிக்கரையில இருந்து தெக்கால வலிக்கிறதெண்டா எதிர்க்காத்து. இந்தப் பிள்ளை ஒரு ராத்திரிக்குள்ள தனிய எப்பிடி வலிச்சுதெண்டு ரெண்டு நாளா யோசிச்சன். அவளின்ர கை எப்பிடிக் காய்ச்சிருக்கும்."

அதைச் சொல்லும்போது தன்னை அறியாமல் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வலை பொத்திப் பொத்தி, நைலோன் நூல் இழுத்த இடமெல்லாம் விரல் மடிப்பில் வெள்ளைக் கோடு கோடாகத் தழும்பு. பெருவிரலடியில் தோல் கட்டிபட்டுப் போயிருந்தது. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் ஐயா, "இது காவியம் பிள்ளை, வானிலை அறிக்கை இல்லை" என்றார். சபை சிரித்தது. அக்கா கதிரையில் இருந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் அவர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

அதிபருக்கு மோகனாங்கி ஓடவில்லை என்றால் அது நேர்மையான கருத்து. அக்காவுக்குப் பூங்குழலியின் துடுப்பில் சந்தேகம் வந்தால் அது அறியாமை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். நான் இதை அதிபரைக் குறை சொல்ல எழுதவில்லை, அவர் சொன்னது சரி. இவர் சொன்னதும் சரிதான் என்கிறேன்.

"அப்படியென்றால் விமர்சனமே வேண்டாமா, எல்லாக் கருத்தும் ஒரே தரமா?" என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? கைலாசபதியும் சிவத்தம்பியும் விமர்சனம் எழுதிய மண்ணில் இருந்துகொண்டு விமர்சனம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? அக்கா சொன்னதை ஐயா மறுத்திருக்கலாம். அன்றைய காற்று இப்படித்தான் இருந்தது என்று நாவலிலேயே ஒரு வரியை எடுத்துக் காட்டியிருக்கலாம். நீண்ட நேரம் பேசியிருக்கலாம், நாங்களும் இருந்து கேட்டிருப்போம். அவர் மறுக்கவே இல்லை, ஒரு வரி சொல்லிச் சிரிக்க வைத்தார், பிறகு அதையே பதிவாகவும் போட்டார்.

இன்னொருவர், "பிரமிள் பிறந்த ஊரில் கறாரான விமர்சனத்துக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்கிறார். கவிஞரும் விமர்சகருமான பிரமிள் 1939ல் இங்கே பிறந்தவர், கறாராக எழுதியவர், எல்லாம் சரி. அவர் கறாராக எழுதியது எழுத்தாளர்களைப் பற்றி. கூட்டத்துக்கு முதல் தடவையாக வந்த ஒரு மனுசியை இருக்கையில் இருத்துவதற்கு அவருடைய பெயரை எடுக்காதீர்கள்.

கற்பனைக்குள் காற்றுத் திசை பார்க்கக் கூடாது என்பவர்களுக்கு: அக்கா கதையைப் பொய் என்று சொல்லவே இல்லை. இரண்டு நாளாக யோசித்தேன் என்றார். உங்களில் எத்தனை பேர் பொன்னியின் செல்வனின் ஒரு அத்தியாயத்தை இரண்டு நாள் யோசித்திருக்கிறீர்கள்? 1950ல் தொடங்கி 1954வரை வாரா வாரம் வந்த கதை அது. பத்திரிகையிலிருந்து தாள்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு வீட்டில் வைத்திருந்தவர்கள் யார்? எங்கள் அம்மம்மாக்களும் பெரியம்மாக்களும்தானே. அவர்களிடம் யாரும் தகுதி கேட்கவில்லையே.

மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் தோணி என்ற கதையை எடுத்து, கடல் மணக்கிற எழுத்து என்று மேடையில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து ஒருவர் வந்து கடலைப் பற்றிச் சொன்னால் மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு என் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். இரவு வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு புத்தகமும் போகும். வாசித்து முடித்தால் ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி போட்டு இரண்டு வரி எழுதுவார். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது, மட்டையில் மண்ணெண்ணெய் பட்ட வட்டம் ஒன்று, உள்ளே ஊதா மை. பஞ்சாங்கத்துக்கு: "மழை என்று போட்ட நாளில் மழை இல்லை." கோழி வளர்ப்புக் கையேட்டுக்கு: "எழுதியவர் கோழி வளர்க்கவில்லை." ஒரு நாவலுக்கு: "கடைசிப் பக்கம் இன்றைக்கு ஏலாது. நாளைக்கு." மூன்று நாள் கழித்து அதற்குக் கீழே, "வாசித்தேன்." அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு நூல் வெளியீட்டில் சபையிலிருந்து யாராவது கருத்துச் சொல்லலாம் என்றார்கள். அப்பா எழும்பினார். நான் பக்கத்தில், பன்னிரண்டு வயது. இரண்டு வசனம் சொல்லியிருப்பார், மேடையில் இருந்தவர் மைக்கைப் பிடித்து, "நீங்கள் எதுவரை படித்தனீங்கள்?" என்று கேட்டார். அப்பா எட்டாம் வகுப்பு. அதைச் சொன்னார், சொல்லிவிட்டு இருந்தார். வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், ஒன்றும் கதைக்கவில்லை. அந்தக் கொப்பியில் அந்த மாதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. மிச்சத் தாள்களை நான் எண்ணியிருக்கிறேன். அறுபத்திரண்டு. பிறகும் அப்பா வாசித்தார்தான், ஆனால் எதைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இருந்தபோது எனக்கு அப்பா இருந்ததுதான் கண்ணுக்குள் வந்தது.

"மூத்தவர், ஏதோ பகிடிக்குச் சொன்னார், இதைப் பெரிதாக்க வேண்டுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல? பகிடி என்றால் அங்கேயே முடிந்திருக்கும். அதைப் பதிவாகப் போட்டு நூற்றுக்கணக்கானோர் சிரித்த பிறகு அது பகிடி இல்லை. மரியாதை பற்றியும் பேசுகிறார்கள். ஐயாவுக்கு நான் மரியாதை குறைத்ததில்லை, இப்போதும் குறைக்கவில்லை. ஐம்பது வயது கடந்த ஒரு பெண்ணுக்கும் மரியாதை உண்டு. அவரும் யாருக்கோ மூத்தவர்.

அக்கா சொல்லாமல் விட்ட மிச்சத்தை நான் சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 1990ல் இங்கே திரும்பவும் சண்டை தொடங்கியபோது அவருக்குப் பதினேழு வயது. குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய், அங்கிருந்து ஒரு இரவு படகில் ராமேஸ்வரம் போனவர்கள். படகோட்டிக்கு உதவியாக அவருடைய தகப்பனும் இவரும் மாறி மாறித் துடுப்புப் போட்டார்களாம், சத்தம் கேட்கக் கூடாது என்று எஞ்சினை நிற்பாட்டி வைத்திருந்த நேரத்தில். விடியும்போது கை இரண்டும் கொப்புளம். மண்டபம் அகதி முகாமில் யாரோ விட்டுப்போன, மட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம். முன்னும் பின்னும் கிடைக்கவில்லை. அந்த ஒரு பாகத்தை மட்டும் அவர் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். பூங்குழலி துடுப்புப் போடுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறார்.

காற்றுப் பார்த்து வாசித்தாராம். ஆம், பார்த்துத்தான் வாசித்தார். அந்தக் கடலை இரவில் கடந்தவர் வேறு எதைப் பார்த்து வாசிப்பார்?

இதில் என் பிழையும் இருக்கிறது. எல்லாரும் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. "அக்கா, நீங்கள் முடியுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்தைக் கூட்டிய நான் சொல்லவில்லை. அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டேன். அதை நினைத்துத்தான் மூன்று நாளாக நித்திரை இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்காவின் மகன் வந்து படலையில் ஒரு பையைக் கொழுவிவிட்டு, "அம்மா குடுக்கச் சொன்னவ" என்றான். உள்ளே இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும். வாசித்து முடித்துவிட்டாவா என்று கேட்டேன். "இல்லை, நேரமில்லையாம்" என்றான். மூன்றாம் பாகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் எடுக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த பாகம் அது. அறுபதாம் பக்கம்கூடத் தாண்டவில்லை.

ஐயா, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். நாளைக்கு நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டு திருக்கடலூருக்குப் போகிறேன், டிக்கெட்டை இடம் மாற்றவில்லை. நாலரை மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஓட்டோ பிடிப்பேன். நீங்களும் வாருங்கள். அக்கா மிச்ச நாலு நிமிடத்தையும் பேசட்டும்.